"உங்களுக்குக் கொழுப்பு அதிகம்": கையேட்டில் இப்படி எழுதலாமா?

ஓலைநறுக்கு கேட்டது:

வணக்கம். இதய நலம் பற்றிய 16 பக்கக் கையேடு ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்திருக்கிறது. தமிழ்நாட்டு மருத்துவ முகாம்களிலும் இலங்கையிலும் ஒரே பதிப்பைக் கொடுப்பதாகத் திட்டம். "கொழுப்பு" என்ற சொல்தான் தொந்தரவு. பொருள் புரிகிறது, ஆனால் சில வரிகள் திட்டுவது போலவே இருக்கின்றன. சந்தேகத்துக்குரிய வரிகள் இவை:

1. உங்களுக்குக் கொழுப்பு அதிகமாக உள்ளது.
2. கொழுப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய உணவுகள்.
3. கொழுப்பு இல்லாத சமையல் எண்ணெயைப் பயன்படுத்துங்கள்.
4. கொழுத்த கறியைத் தவிர்க்கவும்.
5. கொழுத்த குழந்தைகளைத் தினமும் விளையாட விடுங்கள்.
6. (கடைசிப் பக்கத் தலைப்பு) நடப்போம், கொழுப்பைக் கொழுத்துவோம்!
7. கொழுப்பு எடுத்த பால் அருந்தலாம்.

சொல்லையே மாற்றிவிடலாமா, வாக்கியத்தை மாற்றினால் போதுமா? இலங்கை வாசகர்களுக்கு வேறு எதுவும் இடறுமா?

---

கரிசல்மண் எழுதியது:

சொல்லை மாற்ற வேண்டாம். கொழுப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல். அது எதோடு ஒட்டுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆளோடு "-க்கு" போட்டு ஒட்டினால் திட்டு. "அவனுக்குக் கொழுப்பு", "உனக்குக் கொழுப்புடா", "அந்தம்மாவுக்கு எவ்வளவு கொழுப்பு இருந்தா..." இதையெல்லாம் கேட்கிற யாரும் ரத்தப் பரிசோதனையை நினைக்க மாட்டார்கள். இடத்தோடு "-இல்" போட்டு ஒட்டினால் பொருள்: ரத்தத்தில் கொழுப்பு, கல்லீரலில் கொழுப்பு, பாலில் கொழுப்பு, இடுப்பில் கொழுப்பு. உங்கள் முதல் வரியில் "உங்களுக்கு" இருக்கிறது, "ரத்தத்தில்" இல்லை. சிக்கல் அவ்வளவுதான். "உங்கள் ரத்தத்தில் கொழுப்பின் அளவு கூடியிருக்கிறது" என்றால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

"அளவு" என்ற சொல்லும் உதவும். அளக்க முடிந்தது பொருள், அளக்க முடியாதது குணம். "எத்தனை கிராம் கொழுப்பு" என்று கேட்டால் உணவு. "எவ்வளவு கொழுப்பு!" என்றால் சண்டை.

வினையையும் கவனியுங்கள். சேர்கிறது, படிகிறது, உறைகிறது, உருகுகிறது எல்லாம் பொருளுக்கு மட்டும் வரும். எடுக்கிறது, ஏறுகிறது, பிடிக்கிறது, அடங்குகிறது எல்லாம் ஆளுக்கு: "கொழுப்பெடுத்து அலையுறான்", "கொழுப்பு ஏறிப்போச்சு", "கொழுப்பு அடங்கல". கூடுகிறது, குறைகிறது, கரைகிறது, இருக்கிறது ஆகிய நான்கும் இரண்டு பக்கமும் வரும். தடுக்கி விழுவது இந்த நான்கில்தான். "கொழுப்பு கூடிப்போச்சு" என்று மருத்துவமனை வாசலில் சொன்னால் ஒரு பொருள், பள்ளிக்கூட வாசலில் சொன்னால் இன்னொன்று.

வரி 7 ரொம்ப அபாயம். "கொழுப்பு எடுத்த பால்" என்று இடைவெளி விட்டு எழுதியதால் தப்பித்தது. அச்சுக்கோப்பவர் சேர்த்துவிட்டால் "கொழுப்பெடுத்த பால்"! சத்தமாகப் படித்தால் இப்போதே அப்படித்தான் கேட்கும். "கொழுப்பு நீக்கிய பால்" என்று போடுங்கள்.

வரி 6 எழுத்துப்பிழை. தீ வைப்பது கொளுத்துவது, "ளு". கொழுத்தது என்றால் பருத்தது. "கொழுப்பைக் கொழுத்துவோம்" என்பதற்கு ஏதாவது பொருள் உண்டென்றால் "கொழுப்பை இன்னும் கொழுக்க வைப்போம்" என்றுதான் இருக்கும். கையேட்டின் நோக்கத்துக்கு நேர் எதிர்.

---

ஓலைநறுக்கு:

வரி 6 பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது போல. நன்றி. "கொளுத்துவோம்" என்று திருத்தினால் சரியா? "கொழுப்பை எரிப்போம்" நன்றாக இருக்குமா?

---

கரிசல்மண்:

இரண்டும் வேண்டாம். உடம்புக் கொழுப்பை நாம் எரிப்பதில்லை, கரைக்கிறோம். "நடந்தா கொழுப்பு கரையும்", "வயிறு கரையும்", "உடம்பு இறங்கும்" என்றுதான் பேச்சு. ஜிம் விளம்பரங்களில் எரிப்பது வந்துவிட்டது உண்மைதான், ஆனால் 60 வயதுக்காரருக்குக் கொடுக்கும் கையேட்டில் கரைப்பதே பொருந்தும். ஒரு எச்சரிக்கை: "உன் கொழுப்பைக் கரைக்கிறேன் பாரு" என்றால் மிரட்டல். அடுத்தவன் கொழுப்பை நான் கரைப்பதாகச் சொல்லக் கூடாது. "நடந்தால் கரையும்" என்று தானாகக் கரைய விட்டால் வம்பில்லை.

---

சோதனைக்குழாய் எழுதியது:

இலக்கணத்தோடு மருத்துவமும் சரியாக இருக்க வேண்டும். ஆய்வக அறிக்கையில் பொதுவாக நான்கு முக்கிய வரிகள் இருக்கும்: மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., எச்.டி.எல்., டிரைகிளிசரைடு. பேச்சில் நான்குமே "கொழுப்பு". கையேட்டிலும் அப்படியே விட்டால் வாசகர் தவறான உணவைக் குறைப்பார்.

கொலஸ்ட்ரால் எரிபொருளாகப் பயன்படும் கொழுப்பு அல்ல. மெழுகு போன்ற ஒரு பொருள், கல்லீரலே தயாரிக்கிறது, செல்களின் வெளிச்சவ்வுக்கும் சில ஹார்மோன்களுக்கும் பித்த அமிலத்துக்கும் வேண்டும். தொப்பையில் சேர்வதும் எண்ணெயில் இருப்பதும் டிரைகிளிசரைடு. அதுதான் சரியான பொருளில் கொழுப்பு, ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி. எல்.டி.எல்., எச்.டி.எல். என்பவை கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் வாகனங்கள். இவற்றுக்கு முறையே "கெட்ட கொழுப்பு", "நல்ல கொழுப்பு" என்பது பழகிவிட்ட செல்லப் பெயர். விளக்கத்தோடு வந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்.டி.எல். கூடியவருக்கு நெய், வனஸ்பதி, இறைச்சிக் கொழுப்பு, பாமாயில் போன்ற நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டும். டிரைகிளிசரைடு கூடியவருக்குச் சர்க்கரை, இனிப்பு, மைதா, அளவு மீறிய சோறு, மது ஆகியவைதான் முதலில் குறைய வேண்டும். இவரிடம் "கொழுப்பு அதிகம்" என்று மட்டும் சொன்னால் எண்ணெயை நிறுத்திவிட்டுச் சோற்றை இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார். அடுத்த பரிசோதனையில் எண் குறைந்திருக்காது. எண்ணெயே சேர்க்கவில்லையே என்று மருத்துவரிடம் சண்டைக்கு வருவார். கொழுப்பு என்ற ஒரு சொல் இரண்டு வேலை பார்ப்பதால் வரும் வினை இது.

ஆகவே வரி 1: "உங்கள் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு கூடியிருக்கிறது" அல்லது "டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் அளவு கூடியிருக்கிறது". எது என்று அறிக்கையைப் பார்த்து டிக் செய்ய இரண்டு கட்டம் போடலாம். பெரியவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ளும், டிரைகிளிசரைடு 150க்குள்ளும் இருப்பது விரும்பத்தக்கது என்பது வழக்கமான வரம்பு. சர்க்கரை நோயாளிக்கும் மாரடைப்பு வந்தவருக்கும் எல்.டி.எல். இலக்கு இன்னும் கீழே இருக்கும், அதை மருத்துவர் சொல்லட்டும்.

வரி 3 மொழிக்கு முன்பே பொய். எந்தச் சமையல் எண்ணெயும் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்புதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், ஏறக்குறைய 120 கிலோகலோரி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மூலத்தில் "கொலஸ்ட்ரால் இல்லாத" என்று இருந்திருக்கும், மொழிபெயர்த்தவர் கொழுப்பு என்று எழுதிவிட்டார். அதுவும் பயனில்லாத அறிவுரை. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படியாக இருப்பதில்லை, பாக்கெட்டில் பெரிதாக அச்சடிப்பது விற்பனைக்காக. தேங்காய் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை, ஆனால் அதன் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்றது. வாசகருக்கு வேண்டியது "எந்த எண்ணெய் என்றாலும் அளந்து ஊற்றுங்கள்" என்ற ஒரு வரி.

"கொழுப்பு இல்லாதது", "கொழுப்பு குறைந்தது" என்று எழுதுவதற்கு இந்திய உணவு விதியில் வரம்பு உண்டு. 100 கிராமில் அல்லது 100 மில்லியில் அரை கிராமுக்கு மேல் போகாமல் இருந்தால்தான் "இல்லாதது". திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராம், திரவத்தில் 100 மில்லிக்கு ஒன்றரை கிராம் வரை "குறைந்தது". கையேட்டில் இந்தத் தொடர்களைச் சும்மா அலங்காரத்துக்கு எழுத வேண்டாம்.

இன்னொன்று, "கொழுப்புக் கட்டி" என்று எங்காவது வந்தால் கூடவே ஒரு வரி சேருங்கள். தோலுக்கு அடியில் உருண்டு நகரும் அந்தக் கட்டிக்கும் ரத்தக் கொலஸ்ட்ராலுக்கும் நேரடி உறவில்லை. பெயரில் கொழுப்பு இருப்பதால் கட்டி கரைய எண்ணெயை நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தினாலும் அது கரையாது.

---

வடலி எழுதியது:

இலங்கைப் பக்கத்தை நான் சொல்கிறன்.

திட்டுப் பொருள் இங்கையும் அப்படியே. "உனக்குச் சரியான கொழுப்பு", "வாய்க்கொழுப்பு" எல்லாம் அன்றாடம். ஆகவே முதல் வரி எங்களுக்கும் இடறும். "கொழுப்பு நீக்கிய" என்பது சரி, ஆனால் எங்கட கடையளில் அது கூடுதலாகப் பால்மா (பால் பவுடர்) பெட்டியில்தான் இருக்கும். "பால் அல்லது பால்மா" என்று எழுதினால் நல்லது.

வரி 4 பெரிய பிழை. "கறி" என்றால் எங்களுக்கு இறைச்சி இல்லை. கத்தரிக்காய்க் கறி, பருப்புக் கறி, மீன் கறி எல்லாம் கறிதான். "கொழுத்த கறியைத் தவிர்க்கவும்" என்றால் தேங்காய்ப்பால் விட்ட கறியைச் சொல்லுகினமோ என்று யோசிப்பினம். "இறைச்சி" என்று எழுதுங்கள், இரண்டு நாட்டுக்கும் விளங்கும்.

"கொலஸ்ட்ரால்" என்ற எழுத்து இங்கை "கொலஸ்திரோல்" என்று வரும். ஒரே பதிப்பு என்றால் முதல்முறை வரேக்கை இரண்டையும் "அல்லது" போட்டு எழுதிவிட்டு, பிறகு ஒன்றையே தொடரலாம்.

வேறு எங்கேயாவது உடம்பு பருத்தவரைத் "தடிமனானவர்" என்று எழுதியிருக்கிறதோ பாருங்கோ. இங்கை தடிமன் என்றால் மூக்கு ஒழுகிற வருத்தம். பருத்த ஆளை "மொத்தம்", "மொத்தமான ஆள்" என்பம், தமிழ்நாட்டில் அது கூட்டுத்தொகை. இரண்டு பக்கமும் பிசகாத சொல் "உடல் பருமன்".

தலைப்பில் வந்த "கொழுத்து" எழுத்துப்பிழைதான். ஆனால் எங்கட பக்கத்தில் வெடி கொளுத்திறதை, விளக்குக் கொளுத்திறதை "ழு" போட்டு எழுதிறவை கனபேர். எழுதினவர் இலங்கைக்காரராக இருந்தால் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்குச் சட்டையை ஆணியில் மாட்டிறது "கொழுவிறது", சண்டை பிடிக்கிறது "கொழுவல்". இவை ஒன்றுக்கும் உடம்புக் கொழுப்போட தொடர்பில்லை, எழுத்து மட்டும்தான் கிட்ட நிற்குது.

---

வெட்டுக்கத்தி எழுதியது:

வரி 4க்கு மட்டும் பதில். கொழுத்தது என்பது ஆட்டுக்குச் சொல்வது, "கொழுத்த கிடா". வெட்டித் தொங்கவிட்ட பிறகு கறியை யாரும் கொழுத்த கறி என்று சொல்வதில்லை. கடையில் "கொழுப்பு இல்லாம போடுங்க", "கொழுப்பை எடுத்துடுங்க" என்பார்கள். எலும்பும் வேண்டாம் என்றால் "தனிக்கறி". கையேட்டில் "இறைச்சியில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கொழுப்பை நீக்கச் சொல்லி வாங்குங்கள்" என்று எழுதினால் கடைக்காரரிடம் அப்படியே சொல்லிக்கொள்ளலாம்.

சவ்வைக் கொழுப்பு என்று நினைப்பது வழக்கமான குழப்பம். இரண்டும் வெள்ளை. நகத்தால் அழுத்தினால் கொழுப்பு பள்ளம் விழும், விரலில் பிசுக்கு ஒட்டும். சவ்வு இழுபடும், பிசுக்கு இருக்காது, வேகவைத்தாலும் உருகாது. கொழுப்பு அதிகம் திரள்வது குண்டிக்காய் என்கிற சிறுநீரகத்தைச் சுற்றி, நெஞ்சுப் பக்கம், செம்மறி என்றால் வால் அடியிலும். வெள்ளாட்டில் பொதுவாகக் குறைவு. வாங்கும்போது விட்டுப்போனதைச் சமைத்த பிறகும் எடுக்கலாம்: குழம்பை ஆறவைத்துக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் மேலே வெள்ளையாக ஆடை கட்டும், கரண்டியால் வழித்துவிட்டுச் சூடாக்கலாம். செம்மறிக் கொழுப்பு சீக்கிரம் உறையும், ஆறின குழம்பைச் சாப்பிட்டால் மேலண்ணத்தில் ஒட்டுவது அதனால்தான்.

---

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

எல்லோரும் திட்டையே பேசுகிறீர்கள். இந்தச் சொல்லுக்கு நல்ல காலம் ஒன்று இருந்தது. தொல்காப்பிய உரியியலில் "செழுமை வளனும் கொழுப்பும் ஆகும்" என்று ஒரு நூற்பா. செழுமை என்ற சொல்லுக்கு வளம், கொழுப்பு என்று இரண்டு பொருள் சொல்கிறார் தொல்காப்பியர். கொழுப்பு அங்கே குறையே இல்லை, வளத்துக்குப் பக்கத்து வீடு. பொருநராற்றுப்படையில் விருந்தாளிக்குக் கம்பியில் சுட்டுக் கொடுக்கும் இறைச்சி "கோழ் ஊன் கொழுங்குறை". கோழ், கொழு இரண்டும் கொழுமைதான். பரிசாகக் கொடுப்பது கொழுத்த துண்டு.

உருகும் கொழுப்புக்குப் பழைய சொல் நிணம். குறள் 1260இல் "நிணந்தீயில் இட்டன்ன நெஞ்சினார்க்கு" என்று வரும். தீயில் போட்ட கொழுப்பு போல உருகும் நெஞ்சம், அது எங்கே ஊடி நிற்கப்போகிறது என்கிறாள் தலைவி. இன்று நிணம் கறிக்கடையிலிருந்து போய்விட்டது, மருத்துவத்தில் "நிணநீர்" என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிணநீர் கொழுப்பல்ல. கையேட்டில் அழகுக்காகக் கொழுப்பை நிணம் என்று மாற்றிவிடாதீர்கள். சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளில் நான்காவது கொழுப்பு: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். அங்கே அது உடம்பைத் தாங்கும் கட்டு, இருக்கவே கூடாத பொருள் அல்ல.

திட்டு எப்படி வந்தது என்றால், வேளாவேளைக்குத் தின்று வேலையில்லாமல் பருத்தவனுக்கு யாரையும் மதிக்கத் தோன்றாது என்ற ஊர்க்கணக்கு. "நண்டு கொழுத்தால் வளையில் தங்காது" என்ற பழமொழி அந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. அதனால்தான் இந்தத் திட்டுக்கு எப்போதும் ஒரு காரணம் முன்னால் நிற்கும்: "தின்ன கொழுப்பு", "பணக்கொழுப்பு", "படிச்ச கொழுப்பு", "நாலு காசு பார்த்த கொழுப்பு". ஆணவம், அகந்தை எல்லாம் காரணம் கேட்காது. குசும்பு விளையாட்டு, தெனாவட்டு அலட்சியம், திமிர் எதிர்த்து நிற்பது. கொழுப்பு மட்டும்தான் "வசதி கூடிப்போச்சு உனக்கு" என்று சேர்த்துச் சொல்லும். பட்டினி கிடப்பவனிடம் "கொழுப்பா?" என்று கேட்பது கூடுதலாகச் சுடுவது இதனால்.

---

கரிசல்மண்:

ஒரு சேர்க்கை. இது கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் மட்டும் போகும் சொல். தாய் மகளிடம் சொல்லலாம், நண்பன் நண்பனிடம் சொல்லலாம், அப்போது அதில் பாதி செல்லம். மகன் அப்பாவிடம் சொன்னால் வீடு ரெண்டாகும். "உங்களுக்கு" என்று மரியாதை போட்டால் சரியாகிவிடும் என்று கையேட்டுக்காரர் நினைத்திருப்பார். உண்மையில் மரியாதைப் பன்மையோடு வரும் "கொழுப்பு" இன்னும் குத்தும், நக்கல் சேர்ந்துவிடும்.

வரி 5 பற்றி யாரும் சொல்லவில்லை. "கொழுத்த குழந்தைகள்" கூடவே கூடாது. கொழுகொழு குழந்தை கொஞ்சல், கொழுக்மொழுக் கொஞ்சல். கொழுத்த குழந்தை என்றால் கிடாய்க் கணக்கில் சேர்ந்துவிடும். மற்ற சொற்களையும் எடை போட்டுப் பாருங்கள்: குண்டு என்பது கேலி, பூசின உடம்பு பாராட்டு, சதை போட்டிருக்கு சும்மா ஒரு தகவல், ஊளைச்சதை இழிவு. "வயதுக்கு மீறிய எடையுள்ள குழந்தைகள்" என்று எழுதுங்கள்.

---

சொல்லேர் எழுதியது:

இத்தனை கவனம் தேவைப்படும் சொல்லை ஏன் வைத்திருக்க வேண்டும்? பாடநூலில் லிப்பிடு என்று இருக்கிறது, கலைச்சொல்லாகக் கொழுமியம் என்றும் எழுதுகிறார்கள். ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டால் திட்டுப் பொருளுக்கு வழியே இல்லையே?

---

சோதனைக்குழாய்:

வழியில்லைதான், படிப்பவருக்குப் பொருளுக்கும் வழியில்லை. "லிப்பிடு டெஸ்ட் எடுங்க" என்று மருத்துவர் எழுதினாலும், வரிசையில் நிற்பவர் "கொழுப்பு டெஸ்ட்" என்றுதான் ரசீது கேட்கிறார். தெரிந்த சொல்லை வைத்துக்கொண்டு அதற்கு இடம் கட்டுவது சுலபம். ரத்தத்தில், அளவு, சத்து ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று பக்கத்தில் நின்றால் போதும்.

---

கேன்பால் எழுதியது:

அந்த "சத்து" நல்ல யோசனை. "கொழுப்புச் சத்து" என்று வந்துவிட்டால் திட்டாகப் படிக்கவே முடியாது. பால் சங்கத்தில் பேச்சு வழக்கு "ஃபேட்", எழுத்தில் கொழுப்புச் சத்து. இங்கே கொழுப்பு கூடினால் காசு கூடும், குறைந்தால்தான் தகராறு.

வரி 7ஐ இன்னும் குறிப்பாக எழுதலாம். விதிப்படி இருமுறை சமன்படுத்திய பாலில் கொழுப்பு ஒன்றரை சதவீதம், சமன்படுத்தியதில் 3, நிலைப்படுத்தியதில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. கொழுப்பு நீக்கிய பாலில் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாக் கடையிலும் அது கிடைக்காது. கிடைக்காத ஊரில் "சமன்படுத்திய பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஆடையை எடுத்துவிட்டுக் குடியுங்கள்" என்பது நடக்கிற காரியம். ஆடையோடு எல்லாக் கொழுப்பும் போய்விடாது. பாக்கெட் பாலில் கொழுப்புத் துளிகளை உடைத்துக் கலந்திருந்தால் ஆடை மெல்லியதாகத்தான் கட்டும், அதில் போவது இன்னும் குறைவு. தண்ணீர் ஊற்றிக் குடிப்பதால் கொழுப்பு நீங்காது, ஒரு டம்ளரில் இருக்கும் அளவு குறையும், கூடவே புரதமும் கால்சியமும் குறையும்.

---

ஓலைநறுக்கு:

எல்லோருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

1. உங்கள் ரத்தத்தில் கூடியிருப்பது: □ எல்.டி.எல். கொலஸ்ட்ரால் (கொலஸ்திரோல்) □ டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு
2. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் குறைக்க வேண்டிய உணவுகள் (டிரைகிளிசரைடுக்குத் தனிப் பட்டியல்)
3. எந்த எண்ணெய் என்றாலும் அளந்து ஊற்றுங்கள்.
4. இறைச்சியில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கொழுப்பை நீக்கச் சொல்லி வாங்குங்கள்.
5. வயதுக்கு மீறிய எடையுள்ள குழந்தைகளைத் தினமும் விளையாட விடுங்கள்.
6. தினமும் நடந்தால் கொழுப்பு கரையும்.
7. கொழுப்பு நீக்கிய பால் அல்லது பால்மா. கிடைக்காவிட்டால், ஆடை எடுத்த பால்.

இன்னொரு கேள்வி. முதல் வரியை முகாமுக்கு வந்தவர்களுக்குக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புவார்களாம். அதில் கட்டம் போட முடியாது. "கொழுப்பு அளவு அதிகம், மருத்துவரைப் பார்க்கவும்" போதுமா?

---

சோதனைக்குழாய்:

போதாது. பூட்டிய திரையில் செய்தியின் முதல் சில சொற்கள்தான் தெரியும். "கொழுப்பு அளவு அதிகம்" என்று பேரன் எட்டிப் பார்த்துப் படித்தால் போதும், தாத்தாவை ஒரு வாரம் விடமாட்டான். பரிசோதனையை முன்னால் வையுங்கள்: "12ஆம் தேதி ரத்தப் பரிசோதனை: டிரைகிளிசரைடு 210. 150க்குள் இருக்க வேண்டும். அறிக்கையுடன் மருத்துவரைப் பாருங்கள்." எண் வந்துவிட்டால் கொழுப்பு என்ற சொல்லே அங்கே தேவைப்படாது. மறுபரிசோதனைக்கு வரச் சொல்வதாக இருந்தால் "முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்" என்பதையும் அதே செய்தியில் சேருங்கள். காலையில் காபி குடித்துவிட்டு வந்து, எண் கூடிப்போய்த் திரும்ப எடுப்பது அடிக்கடி நடக்கிறது.

---

வடலி:

வரி 1இல் "கொலஸ்திரோல்" அடைப்புக்குள் நிற்கட்டும், பிரச்சினை இல்லை. காபி என்று மட்டும் எழுத வேண்டாம். இங்கை காலையில் குடிக்கிறது கூடுதலாகத் தேத்தண்ணி. காபியைத்தானே வேண்டாம் என்றவை என்று சீனி போட்ட தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வருவினம்.